எது தீட்டு?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு "மூட நம்பிக்கையும் ஆரோக்கியமும்" என்பதாகும். இந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு நீங்கள் எதை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள் என்பது நமக்குத் தெரியும். பேயோட்டுகிறவன் வேப்பங்கொத்தால் அடிப்பதையும், ஜோசியன் நாள் குறித்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களையும், தாயத்துக் கட்டிக் கொண்டு காய்ச்சல் தீரக் காத்திருப்பவர்களையும் பற்றி நாம் பேசுவோம், நன்றாகச் சிரித்துக் கைதட்டிவிட்டுப் போகலாம் என்று வந்திருப்பீர்கள். அவைகளைப் பற்றிப் பல தடவை பேசியாயிற்று; இனியும் பேசத்தான் போகிறோம். ஆனால் இன்று அதைப் பேச நமக்கு மனம் இல்லை. அயலானுடைய மூடத்தனத்தைச் சொல்லிக் கைதட்டு வாங்குவது சுலபம். நம்முடைய மூடத்தனத்தை நாமே எடுத்துச் சொல்லுவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான காரியத்தை இன்று செய்து பார்க்கலாம் என்று நினைக்கிறோம்.

நாம் இந்தக் கொட்டகைக்குள் நுழைந்தபோது வாசலில் பத்துப் பன்னிரண்டு தோழர்கள் நின்று பேசிக் கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கையில் பீடியோ சிகரெட்டோ இருந்தது. அவர்களுக்கு நடுவில் ஒரு தோழர் தம்முடைய சிறு குழந்தையைத் தோளில் வைத்துக் கொண்டு நின்றார். அவர் கையில் பீடி இல்லை. குழந்தை கையிலும் இல்லை. அந்தக் குழந்தை புகைத்ததா என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் நாம் சொல்லுகிறோம், அந்தக் குழந்தை புகைத்துக் கொண்டுதான் இருந்தது. ஐந்தாறு பேர் ஊதியதைச் சேர்த்து அது ஒன்றே புகைத்துக் கொண்டிருந்தது. அதற்கு வேண்டுமா வேண்டாமா என்று அதை யாரும் கேட்கவில்லை.

இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். புகைக்கிறவனுக்கு வரும் கேட்டைப் பற்றியல்ல. அது பெட்டியின் மேலேயே படம் போட்டு அச்சடித்திருக்கிறது. பக்கத்தில் இருக்கிறவனுக்கு வரும் கேட்டைப் பற்றிப் பேசுகிறோம்.

முதலில் புகை என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு சிகரெட்டு எரியும்போது இரண்டு விதமான புகை உண்டாகிறது. ஒன்று, இழுக்கிறவன் உள்ளே வாங்கி வெளியே ஊதுகிற புகை. மற்றொன்று, இழுக்காமல் விரலிடுக்கில் வைத்துக் கொண்டிருக்கும் போது நுனியிலிருந்து தானாகக் கிளம்புகிற புகை. ஒரு அறைக்குள் நிறைந்திருக்கும் சிகரெட்டுப் புகையில் பெரும் பாகம், அதாவது நூற்றுக்கு 85 பங்கு வரையில், இந்த நுனிப் புகைதான். இது இழுக்கும்போது எரிவதைவிடக் குறைந்த சூட்டில் அரைகுறையாக எரிந்து வருவது. ஆதலால் விஷப் பொருள்கள் பல இதில்தான் அதிகம். புகைக்கிறவனுக்காவது சிகரெட்டு அடியில் ஒரு பஞ்சு வடிகட்டி இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறவனுக்கு அதுவும் இல்லை.

அந்தப் புகையில் 7,000-க்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் இருப்பதாக விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். அவைகளில் ஏறக்குறைய 70 பொருள்கள் புற்றுநோயை உண்டாக்குபவை. பிணம் கெடாமல் இருக்கப் போடும் மருந்துக்கு மூலமான பார்மால்டிஹைடு அதில் இருக்கிறது. பாஷாணம் என்று நாம் சொல்லும் ஆர்சனிக் இருக்கிறது. பென்சீன் இருக்கிறது. மோட்டார் வண்டியின் புகைக்குழாயில் வரும் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. சயனைடு வாயு இருக்கிறது. இவை கொஞ்சம் கொஞ்சமாகத்தானே இருக்கின்றன என்பீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக எத்தனை வருஷம் என்பதல்லவா கேள்வி?

"பக்கத்தில் இருக்கிறவன் உள்ளே இது உண்மையாகவே போகிறதா? காற்றில் கரைந்து போகாதா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். போகிறதா என்பதைச் சோதித்துப் பார்த்தாயிற்று. புகையிலையில் உள்ள நிகோடின் உடம்புக்குள் சென்றால் கோடினின் என்ற பொருளாக மாறும். புகைக்கிற வழக்கமே இல்லாதவர்களுடைய இரத்தத்தையும் உமிழ்நீரையும் சிறுநீரையும் எடுத்துப் பார்த்தார்கள். புகைக்கிறவர்களோடு ஒரே வீட்டில் வசிக்கிறவர்களிடத்தில் கோடினின் இருந்தது. தாய் தகப்பன் புகைக்கும் வீட்டுப் பச்சைக் குழந்தையிடத்திலும் இருந்தது. அந்தக் குழந்தைக்கு நிகோடின் எங்கிருந்து வந்தது? பூர்வ ஜென்மத்திலிருந்தா வந்தது?

தோழர்களே! இப்போது தீட்டு என்பதை எடுத்துக் கொள்ளுங்கள். இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான வருஷங்களாக ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைத் தொட்டால் தீட்டு, கிட்ட வந்தால் தீட்டு, நிழல் பட்டால் தீட்டு என்று சொல்லி வந்தார்கள். மாதவிலக்கான பெண்ணைத் திண்ணையில் உட்கார வைத்தார்கள். ஒருவன் குடித்த கிளாசில் மற்றவன் குடிக்கக் கூடாதென்று டீக்கடையில் இரண்டு கிளாசு வைத்தார்கள். இந்தத் தீட்டை எந்த விஞ்ஞானியாவது ஒரு குழாய்க்குள் பிடித்துக் காட்டினானா? நிழலிலிருந்து எந்தப் பொருளாவது இன்னொருவன் இரத்தத்தில் போய்ச் சேர்ந்ததாக எந்த ஆஸ்பத்திரியிலாவது கண்டார்களா? ஒன்றும் இல்லை. வெறும் பொய்.

ஆனால் ஒரு மனிதனிடத்திலிருந்து கிளம்பி மற்றொரு மனிதனுடைய மூக்கில் நுழைந்து, நெஞ்சில் தங்கி, இரத்தத்தில் கலந்து, அளந்து காட்டக் கூடியதாயும் இருக்கிற தீட்டு ஒன்று உண்மையாகவே உண்டென்றால் அது இந்தப் புகைத் தீட்டுத்தான். நிழல் பட்டால் குளிக்க ஓடுகிற வைதீகன், பக்கத்தில் ஒரு கனவான் சிகரெட்டு ஊதினால் மூக்கைக்கூட மூடுவதில்லை. இல்லாத தீட்டுக்குப் பயப்படுகிறான். இருக்கிற தீட்டுக்குப் பயப்படவில்லை. வைதீகன் சங்கதி இருக்கட்டும். பகுத்தறிவுக்காரர்களாகிய நம்முடைய யோக்கியதை என்ன?

இந்த இடத்தில் நம்முடைய சொந்தச் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாவிட்டால் மற்றவர்களுக்கு உபதேசம் செய்ய நமக்கு யோக்கியதை இல்லை.

நமக்கு இருபது வருஷ காலம் பீடிப் பழக்கமும் பிறகு சிகரெட்டுப் பழக்கமும் இருந்தது. ராத்திரி புஸ்தகம் படிக்கும்போதும் எழுதும்போதும் கையில் அது இல்லாமல் நமக்கு ஓடாது. அதே அறையில்தான் பிள்ளைகள் தூங்குவார்கள். நம் இளைய பெண்ணுக்கு மூன்று வயது முதல் இளைப்பு வந்தது. ராத்திரியில் நெஞ்சு கீச்சுக் கீச்சென்று சத்தம் போடும். மூச்சு வாங்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து கொள்ளும். நம் மாமியார் ஊரிலிருந்து வந்தவர், மந்திரித்த தாயத்து ஒன்று கொண்டு வந்து குழந்தை கழுத்தில் கட்டிவிட்டார். நாம் மறுநாள் காலையில் அதைக் கத்தரிக்கோலால் அறுத்து எறிந்தோம். எறிந்ததோடு விடாமல் அரைமணி நேரம் அந்த வயதான அம்மாளுக்குப் பகுத்தறிவுப் பிரசங்கமும் செய்தோம். அந்த அரைமணி நேரமும் நம் கையில் சிகரெட்டு புகைந்து கொண்டிருந்தது.

குழந்தையை வைத்தியரிடத்தில் கொண்டு போனோம். அந்த அம்மாள் குழந்தையின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். பிறகு நம்மைப் பார்த்து, "வீட்டில் யார் புகை பிடிக்கிறது?" என்று கேட்டார். "நாம்தான், ஆனால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துதான் பிடிக்கிறோம்" என்றோம். "ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் புகைக்கு வழி தெரிந்து வெளியே போய்விடுமா?" என்று கேட்டார். நாம் பேசவில்லை. எந்த மேடையிலும் பதில் சொல்லத் தயங்காத நமக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனையாக இருந்தது. தாயத்து அந்தக் குழந்தைக்கு எந்த நன்மையும் செய்யவில்லை என்பது மெய். ஆனால் எந்தக் கெடுதலும் செய்யவில்லை என்பதும் மெய். கெடுதல் செய்தது நாம். தாயத்தை அறுத்து எறிந்த கை எதுவோ, அந்தக் கையே குழந்தைக்கு விஷத்தை ஊட்டிக் கொண்டிருந்தது. அன்றைக்கு நம் வீட்டில் யார் மூட நம்பிக்கைக்காரர்? படிப்பில்லாத மாமியாரா? அல்லது படித்த நாமா?

அதன் பிறகு நாம் அந்தப் பழக்கத்தை விட்டோம். ஒரே நாளில் அல்ல. இரண்டு தடவை விட்டு, இரண்டு தடவை மறுபடியும் பிடித்து, மூன்றாம் தடவைதான் விட்டோம். குழந்தைக்கு இளைப்பு நன்றாகக் குறைந்தது. முற்றிலும் போய்விட்டதென்று சொல்ல மாட்டோம். இன்றைக்கும் பனிக்காலத்தில் மருந்து வைத்துக் கொண்டுதான் இருக்கிறோம். நாம் ஊதிய கணக்கை அந்தப் பெண் தீர்த்துக் கொண்டிருக்கிறது.

நிற்க. ஒரு குழந்தைக்கு நடந்ததைச் சொல்லி, ஆகவே இது ருஜுவாகிவிட்டது என்று நாம் சொன்னால் நீங்கள் ஒப்புக் கொள்ளக் கூடாது. ஒன்று பலித்ததைச் சொல்லி ஒன்பது பொய்த்ததை மறைப்பது ஜோசியன் வேலை. ருஜு என்றால் எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படி எண்ணிப் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்லுகிறோம்.

ஜப்பான் தேசத்தில் டக்கேஷி ஹிராயமா என்ற வைத்திய விஞ்ஞானி இருந்தார். அவர் டோக்கியோவில் உள்ள தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர். அவர் 40 வயதுக்கு மேற்பட்ட, தாங்கள் புகைக்காத, 91,540 மனைவிமார்களைக் கணக்கில் எடுத்துக் கொண்டார். அவர்களுடைய புருஷர்கள் புகைக்கிறவர்களா, எவ்வளவு புகைக்கிறவர்கள் என்று எழுதி வைத்துக் கொண்டார். பிறகு 1966 முதல் 1979 வரை 14 வருஷ காலம் அவர்களில் யார் யார் எந்த எந்த வியாதியால் இறக்கிறார்கள் என்று பார்த்து வந்தார். 1981-ம் வருஷத்தில் கணக்கைப் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். புகைக்காத புருஷனுடைய மனைவியைவிட, தினம் 20 சிகரெட்டும் அதற்கு மேலும் ஊதுகிற புருஷனுடைய மனைவி நுரையீரல் புற்றுநோயால் சாவது ஏறக்குறைய இரண்டு பங்கு என்று கண்டார். புருஷன் ஊதுவது ஏற ஏற மனைவியின் ஆபத்தும் ஏறியது. அந்தப் பெண்கள் ஒரு சிகரெட்டும் தொட்டவர்களல்லர். அவர்கள் செய்த குற்றம் கலியாணம் செய்து கொண்டது ஒன்றுதான்.

ஹிராயமாவின் கணக்கு ஒன்றோடு நிற்கவில்லை. அதே 1981-ம் வருஷத்தில் கிரேக்க தேசத்திலிருந்தும் இதே மாதிரி கணக்கு ஒன்று வந்தது. பிறகு பல தேசங்களில் எண்ணினார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததில், புகைக்கிறவனோடு வாழ்வதால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து நூற்றுக்கு 20 முதல் 30 வரை கூடுகிறது என்று முடிவு கட்டினார்கள். முதலில் சொன்ன இரண்டு பங்கைவிட இது குறைவு. குறைவென்றால் குறைவென்றுதான் நாம் சொல்ல வேண்டும். சாஸ்திரத்துக்குத்தான் ஒரு தடவை எழுதியதை மாற்றக் கூடாது. விஞ்ஞானத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதே கணக்குகளில் இருதய வியாதி ஆபத்தும் நூற்றுக்கு 25 முதல் 30 வரை கூடுகிறதென்று தெரிந்தது. புகைக்காதவனுக்கு நுரையீரல் புற்றுநோய் எப்போதோ வருவது. மாரடைப்போ தெருவுக்குத் தெரு நடப்பது. ஆகையால் பிறர் புகை அதிகமான பேரைக் கொல்லுவது இருதயத்தின் வழியாகத்தான். புகை உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே இரத்தம் கட்டிக் கொள்ளும் சுபாவத்தை அடைகிறது. இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கும் சக்தி குறைகிறது. 2001-ம் வருஷத்தில் ஜப்பானிய வைத்தியர்கள் புகைக்காதவர்களை 30 நிமிஷம் புகையில் இருக்கச் செய்து, இருதய இரத்த ஓட்டத்தில் இந்தக் கேட்டை அளந்தே காட்டினார்கள்.

குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். குழந்தை பெரியவர்களைவிட வேகமாக மூச்சு வாங்குகிறது. அதன் மூச்சுக் குழாயோ மிகச் சிறியது. ஆகவே மார்ச்சளி, நிமோனியாக் காய்ச்சல், காதில் சீழ், இளைப்பு ஆகியவை புகைக்கிற வீட்டுக் குழந்தைகளுக்கு அதிகம். தொட்டிலில் தூங்கின குழந்தை காரணம் தெரியாமல் செத்துக் கிடப்பது என்று ஒன்று உண்டே, அதற்கும் இந்தப் புகை ஒரு காரணம் என்று கண்டிருக்கிறார்கள். நம் ஊரில் இப்படி நடந்தால் என்ன சொல்லுவார்கள்? காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்பார்கள், கண்திருஷ்டி என்பார்கள். காற்று அடித்தது என்பது சில வீடுகளில் மெய்தான். அந்தக் காற்றைக் கருப்பாக்கியவன் அப்பன்.

உலகத்தில் 192 தேசங்களின் கணக்கை எடுத்துப் பார்த்து 2011-ம் வருஷத்தில் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். 2004-ம் வருஷம் ஒன்றில் மாத்திரம் பிறர் புகையால் மாண்டவர்கள் 6,03,000 பேர். இவர்களில் ஆண்கள் 1,56,000, பெண்கள் 2,81,000, குழந்தைகள் 1,66,000. புகைக்கிறவர்களில் பெரும்பாலோர் யார்? ஆண்கள். அந்தப் புகையால் சாகிறவர்களில் பெரும்பாலோர் யார்? பெண்களும் குழந்தைகளும். வரவு ஒருவனுக்கு, செலவு மற்றொருவனுக்கு என்பது இதுதான்.

நம் தேசத்துக் கணக்கையும் கேளுங்கள். 2016-17-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் எடுத்த கணக்கின்படி, வயது வந்தவர்களில் புகைக்கிற ஆண்கள் நூற்றுக்கு 19 பேர். பெண்கள் நூற்றுக்கு 2 பேர். இருபாலரையும் சேர்த்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேர். ஆனால் வீட்டுக்குள் புகை படுகிறவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 39 பேர். 2009-10-ம் வருஷத்தில் இது 52 பேராக இருந்து பிறகு குறைந்திருக்கிறது. குறைந்திருக்கிறது என்பதே இது விதியல்ல, மாற்றக்கூடியது என்பதற்கு அத்தாட்சி.

"சிகரெட்டுத்தானே கெடுதல், நாம் பிடிப்பது ஏழைகளின் பீடியல்லவா?" என்று சிலர் சொல்லுகிறார்கள். பீடியில் புகையிலை குறைவு என்பது மெய். ஆனால் அது அடிக்கடி அணைந்து போவதால் இழுக்கிறவன் அடிக்கடியும் பலமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. ஆதலால் நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் அதில் சிகரெட்டைவிடக் குறையாமல், அதிகமாகவே கிடைக்கின்றன. ஏழையின் பீடி ஏழையிடத்தில் தயவு காட்டுவதில்லை. அதைச் சுற்றுகிற தாய்மார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்திலும் வேலூர், குடியாத்தம் பக்கத்திலும் மடியில் முறத்தை வைத்துக் கொண்டு தினம் நூற்றுக்கணக்கில் சுற்றுகிறார்களே, அவர்கள் ஊதுவதில்லை. ஆனால் அந்தத் தூளைச் சுவாசிக்கிறார்கள். முறத்துக்குப் பக்கத்தில்தான் அவர்கள் குழந்தைகள் விளையாடுகின்றன. பீடியை நிறுத்தினால் இவர்கள் பிழைப்பு என்னாவது என்று கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில், இவர்களுக்கு வேறு தொழில் கொடுக்க வேண்டியது சர்க்காரின் கடமை என்பதுதான். கள்ளிறக்குகிறவனுக்குப் பிழைப்பு வேண்டும் என்பதற்காக ஊரெல்லாம் குடிக்க வேண்டும் என்று யாராவது சொல்லுவார்களா?

ஹிராயமா கணக்கு வெளியானதும் என்ன நடந்தது தெரியுமா? அமெரிக்கப் புகையிலைக் கம்பெனிகளின் சங்கம் அவர் கணக்குத் தப்பு என்று பத்திரிகைகளில் விளம்பரம் போட்டது. ஆனால் கம்பெனி அமர்த்திய நிபுணர்களே அவர் கணக்குச் சரிதான் என்று உள்ளுக்குள் ஒப்புக் கொண்டிருந்தார்கள். அது அவர்களுடைய தஸ்தாவேஜிகள் வெளிவந்தபோது உலகத்துக்குத் தெரிந்தது. 2006-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் வாஷிங்டன் நகரத்து நீதிபதி ஒருவர், இந்தக் கம்பெனிகள் பிறர் புகையின் கேட்டைப் பற்றியும் ஜனங்களைப் பல வருஷ காலம் ஏமாற்றி வந்தன என்று தீர்ப்பு எழுதினார். தனக்கே நம்பிக்கையில்லாததைப் பிறருக்குச் சொல்லிக் காசு வாங்குவது புரோகிதனுக்கு மாத்திரம் சொந்தமான தொழில் என்று நாம் நினைத்துக் கொண்டிருந்தோம். கம்பெனிக்காரன் அவனுக்கும் குருவாக இருக்கிறான்.

சரி, இனி ஆட்சேபனைகளைப் பார்ப்போம்.

"எங்கள் பாட்டனார் தினம் ஒரு கட்டு பீடி பிடித்தார். பாட்டி எண்பது வயது வரை இருந்தாள்" என்பது ஒன்று. இருக்கலாம். தண்டவாளத்தில் நடந்து போய் ரயில் படாமல் வந்தவர்களும் உண்டு. அதற்காகத் தண்டவாளம் நடைபாதையாகி விடாது. பிழைத்த பாட்டி வந்து சாட்சி சொல்லுவாள். செத்த பாட்டி வந்து சொல்லுவாளா?

"ஜன்னலைத் திறந்து வைக்கிறோம், விசிறி சுற்றுகிறது, ஏர்கண்டிஷன் இருக்கிறது" என்பது மற்றொன்று. புகை நாற்றம் குறையலாம். ஆனால் காற்றோட்டத்தால் இந்த ஆபத்தைப் போக்க முடியாது, இவ்வளவு புகை கெடுதல் செய்யாது என்று சொல்லக் கூடிய அளவே கிடையாது என்று அமெரிக்க சர்க்காரின் தலைமை வைத்திய அதிகாரி 2006-ம் வருஷத்து அறிக்கையில் சொன்னார். விசிறி புகையைக் கொல்லுவதில்லை. எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கிறது. சமதர்மம் வேண்டுமென்று நாம் கேட்டது இதற்கல்ல.

"புகைப்பது என்னுடைய சுதந்தரம், அதில் கைவைக்க நீ யார்?" என்பது மூன்றாவது. இதுதான் நம் தோழர்கள் அதிகமாகச் சொல்லுவது. ஆகையால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். புகைப்பது பாவம் என்று நாம் சொல்லவில்லை. பாவமென்றும் புண்ணியமென்றும் நாம் நம்புவதில்லை. உன் நெஞ்சை நீ புகைத்துக் கொள். அது புத்தியற்ற காரியம் என்று சொல்லுவோமே தவிர, கையைப் பிடித்து இழுக்க மாட்டோம். ஆனால் என் நெஞ்சில் ஊத உனக்கு அதிகாரம் கொடுத்தவன் யார்? சுதந்தரம் என்பது இருவருக்கும் உண்டா, ஒருவனுக்கு மாத்திரமா? ஒருவன் சுகத்துக்காக மற்றவன் கஷ்டத்தைப் பொறுத்துக் கொண்டு பேசாமல் இருக்க வேண்டும் என்பதற்கு இந்த நாட்டில் ஏற்கனவே ஒரு பெயர் உண்டு. அதற்குப் பெயர் வருணாசிரமம்.

தோழர்களே! இந்த விஷயத்தில் நமக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இனிமேல் சொல்லப் போவதுதான். நம் ஊரில் பீடி பிடிக்கிறவன் எப்படி நடந்து கொள்ளுகிறான் என்று கவனித்துப் பாருங்கள். தகப்பன் வந்தால் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறான். பண்ணைக்காரர் வந்தால் காலடியில் போட்டு மிதிக்கிறான். ஆபீசில் மேலதிகாரி வந்தால் வாயில் இருக்கும் புகையையும் விழுங்குகிறான். கோவில் வாசலிலும் அணைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறான். இதற்கெல்லாம் மரியாதை என்று பெயர். ஆகவே அடக்க முடியாத பழக்கம் என்று அவன் சொல்லுவது பொய். வேண்டியபோது அவனால் அடக்க முடிகிறது.

ஆனால் அதே மனிதன் வீட்டுக்குள் வந்ததும் பெண்டாட்டி எதிரிலும் கைக்குழந்தை எதிரிலும் வேலைக்காரப் பையன் எதிரிலும் ஊதுகிறான். அங்கே ஏன் மறைப்பதில்லை? அவர்கள் தனக்குக் கீழே இருக்கிறவர்கள் என்று நினைக்கிறான். மேலே இருக்கிறவனுக்கு மரியாதை. கீழே இருக்கிறவனுக்குப் புகை. இதைவிடச் சுருக்கமாக இந்த நாட்டு ஜாதி முறையை யாரும் விளக்க முடியாது.

சுயமரியாதை என்றால் நம்மை மேலே இருக்கிறவன் மதிக்க வேண்டும் என்று கேட்பது மாத்திரமா? நமக்குக் கீழே என்று வைக்கப்பட்டவர்களை நாம் மதிக்க வேண்டாமா? பண்ணைக்காரர் நுரையீரலுக்குக் கொடுக்கிற மரியாதையைப் பெண்டாட்டி நுரையீரலுக்குக் கொடுத்தால் என்ன குறைந்து போகும்? பெண் விடுதலையைப் பற்றி மேடையில் இரண்டு மணி நேரம் பேசுகிறோம். அந்தப் பெண் தன் வீட்டுக்குள் "வெளியே போய்ப் பிடியுங்கள்" என்று சொல்ல முடியாமல் முந்தானையால் மூக்கை மூடிக் கொண்டு நிற்கிறாள் என்றால், நாம் பேசிய விடுதலை எந்த விடுதலை?

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 1999-ம் வருஷத்தில் கேரள ஹைகோர்ட்டு, பொது இடத்தில் புகைப்பது பிறருடைய உயிர் வாழும் உரிமைக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. 2001-ம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் அதை ஒட்டித் தேசம் முழுமைக்கும் உத்தரவு போட்டது. 2003-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் சட்டம் செய்தது. 2008-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி முதல் பொது இடங்களில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்று விதி வந்தது. எழுதி வைத்தால் மாத்திரம் போதாது. நடத்தினால் பலன் தெரிகிறது. ஸ்காட்லாந்து தேசத்தில் 2006-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், மூடிய பொது இடங்களில் புகைக்கக் கூடாதென்று சட்டத்தை அமலுக்குக் கொண்டு வந்தார்கள். அதற்கு முந்தின பத்து மாதத்தையும் பிந்தின பத்து மாதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், மாரடைப்பு வகை வியாதிக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 17 குறைந்திருந்தார்கள். குறைந்தவர்களில் பெரும்பாலோர் புகைக்காதவர்கள். பிரார்த்தனையால் வியாதி குறைந்ததாக இப்படி ஒரு கணக்கை யாராவது காட்டட்டும், நாம் ஒப்புக் கொள்ளுகிறோம்.

ஆனால் வீட்டுக்குள் சட்டம் நுழையாது. அங்கே அறிவுதான் நுழைய வேண்டும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? பெரிய காரியம் ஒன்றுமில்லை. முதலாவது, இந்த வாசகசாலைக்குள்ளும் நம்முடைய கூட்டக் கொட்டகைகளிலும் அவற்றின் வாசல்களிலும் யாரும் புகைப்பதில்லை என்று இன்றைக்கே ஒரு தீர்மானம் செய்யுங்கள். கூட்டத்துக்குத் தாய்மார்கள் வருவதில்லை என்று குறைப்படுகிறோமே, உள்ளே வருவதற்கு அவர்கள் புகைக்குள் புகுந்து வர வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தோமா? இரண்டாவது, பழக்கத்தை விட முடியாதவர்கள் வீட்டுக்குள்ளும் திண்ணையிலும் மோட்டாருக்குள்ளும் பிடிக்காமல், ஆள் இல்லாத வெளியிடத்துக்குப் போய்ப் பிடியுங்கள். விட வேண்டும் என்கிறவர்களுக்கு யோசனை சொல்ல சர்க்காரே 1800 112 356 என்ற இலவசத் தொலைபேசியை வைத்திருக்கிறது. அதில் கேட்பதில் வெட்கமில்லை. மூன்றாவது, தாய்மார்களே! இது உங்களுக்கு. கணவனானாலும் மாமனாரானாலும், வீட்டுக்கு வந்த பெரிய மனிதரானாலும், "இங்கே குழந்தை இருக்கிறது, வெளியே போய்ப் பிடியுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவல்ல, அதுதான் சுயமரியாதை.

கடைசியாக ஒரு வார்த்தை. நாம் சொன்னோம் என்பதற்காக இதை நம்ப வேண்டாம். கணக்கைப் பாருங்கள், வைத்தியரைக் கேளுங்கள், உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டால் மாத்திரம் ஏற்றுக் கொள்ளுங்கள். ஆனால் சரி என்று பட்ட பிறகும் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து நெருப்புக் குச்சியைக் கிழிப்பீர்களானால், இனிமேல் தாயத்துக் கட்டுகிற பாட்டியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவள் அறியாமல் செய்கிறாள். நாம் அறிந்து செய்கிறோம்.

நம் மாமியாரிடத்தில் நாம் பிறகு மன்னிப்புக் கேட்டோம். தாயத்துக்காக அல்ல, அந்த அரைமணி நேரப் புகைக்காக.